அழிப்பதற்கு முன்னால்

என் பெண்ணின் கீபோர்டில் இரண்டு கட்டைகள் அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டன. வாங்கின கடையில் கேட்டால், "ரிப்பேரெல்லாம் எதுக்கு சார்? எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். பி.காம். படித்தவனுக்கு 'எக்ஸ்சேஞ்ச்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே கை தானாகப் பர்ஸைப் பொத்திக்கொள்ளும். அங்கே இங்கே விசாரித்ததில், கள்ளிக்குப்பத்தில் ஒருவர் இருக்கிறார், மெல்லிசைக் குழுக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் போவார்கள் என்று சொன்னார்கள்.

கள்ளிக்குப்பம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; தெரியாவிட்டாலும் தாண்டிப் போயிருப்பீர்கள். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து செங்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது. 2011-ல் அம்பத்தூர் நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது இதுவும் சென்னையாகிவிட்டது. மற்றபடி அதே லாரி, அதே புழுதி. சாலையிலிருந்து உள்ளே திரும்பி ஒரு மாவு மில்லைத் தாண்டினால், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதுதான் பட்டறை. உள்ளே இருந்தவருக்கு அறுபத்தைந்து வயசிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டி.வி. அசெம்பிள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடியதும் கையிலிருந்த சால்டரிங் அயர்னை நம்பி உட்கார்ந்துவிட்டார். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அண்ணன் என்றே சொல்கிறேன்.

"வெச்சிட்டுப் போங்க தம்பி. இதை முடிச்சிட்டுத்தான் அது" என்றார்.

'இது' என்றது மேஜைமேல் கிடந்த ஒரு நீளமான கறுப்புப் பெட்டியை. இரண்டு பக்கமும் மரப்பலகை. கட்டைகளுக்கு மேலே வரிசையாக, மேலும் கீழும் நகர்த்துகிற பிடிகள். ரோலண்ட் ஜூனோ-60. 1982-ல் ஜப்பானில் வந்த சிந்தசைசர். "இதைப் பாத்திருக்கீங்களா?" என்றார். கல்யாணக் கச்சேரிகளில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். "அப்ப உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். அன்றைக்கு நான் ஆபீஸ் போகவில்லை.

முதலில், அது என்ன சாமான் என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோனியத்தில் சத்தம் உள்ளேயே தயாராக இருக்கிறது. துருத்தியை அமுக்கிக் கட்டையைத் தொட்டால் வந்துவிடும். இந்தப் பெட்டிக்குள் அப்படி எந்தச் சத்தமும் கிடையாது. ஒரு மின் அதிர்வு மட்டும் இருக்கிறது. தனியாகக் கேட்டால் காதருகே பெரிய வண்டு வந்த மாதிரி கரகரவென்றிருக்கும். அதை ஒரு வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். வடிகட்டியை இறுக்கினால் கரகரப்பு குறைந்து புல்லாங்குழல் பக்கம் போகிறது. திறந்துவிட்டால் பித்தளை வாத்தியம் மாதிரி பளீரென்கிறது. கட்டையைத் தொட்டதும் சத்தம் பாய்ந்து வரவேண்டுமா, சோம்பல் முறித்து எழுந்து வரவேண்டுமா, விரலை எடுத்ததும் டக்கென்று நிற்கவேண்டுமா, கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போகவேண்டுமா? இதற்கு நாலு பிடிகள். சத்தம் லேசாக நடுங்குவதற்கு இன்னொன்று. காற்று, மழை மாதிரியான இரைச்சலைக் கலப்பதற்கு வேறொன்று. இப்படிப் பதினைந்துக்கு மேல். சமையல் மாதிரிதான். எல்லார் வீட்டிலும் அதே உப்பு, அதே புளி. ரசம் மட்டும் வீட்டுக்கு ஒன்று.

ஆறு சுரங்களை ஒரே நேரத்தில் வாசிக்க முடியும் என்பது இதன் பெரிய பெருமை. 1970-ல் வந்த மினிமூக் மாதிரியான முன்னோடிகளில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். அதைவிட முக்கியமான விஷயம் ஞாபகம். அந்த மினிமூக்குக்கு ஞாபகமே கிடையாது. ராத்திரி பூராவும் திருகித் திருகி ஒரு நல்ல சத்தத்தைக் கண்டுபிடித்தால், அடுத்த பாட்டுக்காகப் பிடியை நகர்த்திய நிமிஷத்தில் அது போய்விடும். எந்தக் குமிழ் எங்கே இருந்தது என்று வாசிக்கிறவர்கள் காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொள்வார்களாம். 1978-ல் அமெரிக்காவில் டேவ் ஸ்மித் என்பவரின் கம்பெனி 'ப்ராஃபெட்-5' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து சுரம் சேர்ந்து ஒலிக்கும். நாற்பது சத்தங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். ஒரு பொத்தானை அமுக்கினால் நேற்றைய சத்தம் நேற்று மாதிரியே வரும். கச்சேரி செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூனோ-60-ன் ஞாபகம் 56. ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. பெயர் எழுத இடமில்லை. 3-4, 5-6 என்று எண்கள்தான்.

இந்தப் பெட்டியின் சொந்தக்காரர் சில மாதங்களுக்கு முன்னால் இறந்துவிட்டார். பகலில் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க், ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. சிங்கப்பூரிலிருந்து ஒரு உறவினர் மூலம் வந்த பெட்டி. 1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தபோது, 'கம்ப்யூட்டர் மியூசிக்'காமே என்று ஊரே பேசியது. அந்தப் பாட்டுகளை அம்மன் கோயில் திருவிழா மேடையில் எப்படியாவது கொண்டுவந்தாக வேண்டும். மனுஷர் இந்தப் பிடிகளோடு ராத்திரியெல்லாம் மல்லுக்கட்டியிருக்கிறார் என்று அண்ணன் சொன்னார். இருவரும் பழக்கமானவர்கள்தான்; நெருக்கம் என்று சொல்ல முடியாது.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வந்திருந்தது. கட்டம்போட்டு, ஸ்டோர்ஸ் லெட்ஜர் மாதிரியே எழுதி வைத்திருக்கிறார். 'சர்ச் - பெரிசு.' 'சர்ச் - சின்னது.' 'மிமிக்ரி ரயில்.' 'மழை (அரங்கத்துக்கு மட்டும்).' 'கல்யாணம் மெதுவா.' 'நாதஸ்வரம் போல - சரியில்லை, பார்க்கணும்.' ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் மூன்று நான்கு பெயர்கள், ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அடித்திருந்தது. எனக்கு அந்த அடித்தல்கள்தான் சுவாரஸ்யமாகத் தெரிந்தன. 56 இடம்தான். புதிதாக ஒன்றைச் சேர்க்கவேண்டுமென்றால் பழையதில் ஒன்றைக் கொன்றாகவேண்டும். கம்பெனி போட்டுக் கொடுத்த சத்தங்கள் முதலில் போயின. பிறகு அவருடையவையே ஒன்றை ஒன்று தள்ளிவிட்டன. மிஞ்சியவை, முப்பது முப்பத்தைந்து வருஷம் அவரே கேட்டுக்கேட்டு, 'இது இருக்கட்டும்' என்று விட்டவை.

"எங்கிட்ட வர்ற மெஷின்ல முக்காவாசி, கம்பெனி போட்ட சத்தத்தைத் தாண்டி ஒரு பிடியைக்கூட நகர்த்தியிருக்க மாட்டாங்க தம்பி. இதுல கம்பெனிது ஒண்ணுகூட மிச்சமில்ல."

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த ஞாபகத்தைக் காப்பது உள்ளே சால்டர் வைத்திருக்கிற ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. கரண்ட் இல்லாதபோது அதுதான் எண்களைப் பிடித்து வைத்திருக்கும். அது ஓயப்போகிறது. கசிந்தால் போர்டையும் தின்றுவிடும். எடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் 56-ம் போச்சு.

மகன் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "அப்பா போட்டு வெச்சதெல்லாம் எடுத்துட்டு ஒரிஜினல் சவுண்டு ஏத்திடுங்க அங்கிள். வாங்கறவங்க அதான் கேக்கறாங்க." பெங்களூரில் ஓர் ஆள் தயாராக இருக்கிறாராம். நல்ல நிலையில் இருக்கும் இந்தப் பழைய பெட்டிக்கு இன்றைக்கு லட்சத்துக்கு மேல் விலை. ஆனால், கம்பெனி சத்தங்களோடு இருந்தால்தான் மதிப்பு. யாரோ ஒரு ஸ்டோர்ஸ் கிளார்க்கின் 'சர்ச் - சின்னது' யாருக்கு வேண்டும்? மகனைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அப்பாவை மாசக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்தவர். வீட்டுக் கடன் இருக்கிறது. கேட்டது நியாயமான வேலை.

அண்ணன் கேட்காத வேலை ஒன்றையும் செய்துகொண்டிருந்தார். ஜூனோ-60-ன் பின்பக்கம் டேப்ரெக்கார்டரை இணைக்கத் துளை உண்டு. ஞாபகத்திலுள்ள எண்களைக் காசெட்டில் பதிந்துகொள்ளலாம்; ஃபேக்ஸ் மெஷின் கத்துகிற மாதிரி ஒரு கீச்சல் ஓடும். அதைச் செய்து, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று இன்னொருமுறை ஓட்டிச் சரிபார்த்து, காசெட் மேல் தேதி எழுதினார். அலமாரியில் அதேபோல முப்பது நாற்பது காசெட்டுகள் இருந்தன.

"இதையெல்லாம் கேட்டு யாராவது வந்திருக்காங்களாண்ணே?"

"இல்லயே."

"அப்புறம் எதுக்கு?"

சிரித்தார். நான் விடவில்லை. வணிகவியல் படித்தவனின் புத்தி அது. கம்பெனிச் சட்டப்படியே கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திருந்தால் போதும். சரக்கை வாங்கின விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அந்த விலைக்குத்தான் ஏட்டில் காட்டவேண்டும். இந்த 56 சத்தங்களின் சந்தை விலை பூஜ்யத்துக்கும் கீழே. இருந்தால் பெட்டியின் விலையைக் குறைக்கிறதே! 'ரைட் ஆஃப்' செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதானே?

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் எடுத்துவிடுகிற அஸ்திரம் ஒன்று உண்டு: 'யார் கண்டது, நாளைக்கு யாராவது தேடி வரலாம்.' அதற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது. மும்பையில் சரண்ஜித் சிங் என்று ஒருவர். இந்திப் பட ரெக்கார்டிங்குகளில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982-ல் ஒரு காரியம் செய்தார். ரோலண்டின் ஜூபிடர்-8 என்ற எட்டுச் சுர சிந்தசைசர், டி.பி-303 என்ற பேஸ் பெட்டி, டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டி மூன்றையும் வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து இந்துஸ்தானி ராகங்களை வாசித்து எல்.பி.யாக வெளியிட்டார். பூபாலி, யமன், மால்கௌன்ஸ்... நம் ஊர்க் கணக்கில் மோகனம், கல்யாணி, இந்தோளம். தட்டு விற்கவில்லை. ராகம் கேட்கிறவர்களுக்கு அதில் தாளம் தப்பு; ஆடுகிறவர்களுக்கு ராகம் தப்பு. அவரும் கல்யாணம், பார்ட்டி என்று வாசிக்கப் போய்விட்டார். 1987-ல் சிகாகோவில் அதே டி.பி-303-ஐ நெளித்து வளைத்து ஒரு தட்டு வந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்று உலகமே ஆடியது. 2002-ல் டெல்லியில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் சரண்ஜித்தின் தட்டு, எடோ பௌமன் என்ற டச்சுக்காரரின் கையில் அகப்பட்டது. கேட்டவர் திகைத்துப்போனார். சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே இந்தச் சத்தம் மும்பையில் வந்திருக்கிறதே! 2010-ல் அதை மறுபடி வெளியிட்டார்கள். எழுபதைத் தாண்டிய வயதில் சரண்ஜித்துக்கு ஐரோப்பிய மேடைகள் கிடைத்தன. 2015-ல் காலமானார்.

அகமதாபாத்திலும் இதேபோல ஒன்று. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் டேவிட் ட்யூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். சொன்னேனே, ஞாபகமே இல்லாத ஜாதி. வயரைப் பிடுங்கினால் சத்தம் காலி. அதில் கீதா சாராபாய் முதலானவர்கள் 1972 வரை செய்து பார்த்தவை டேப் சுருள்களாக ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்காரர் தேடிப்போய் எடுத்தார். 2023-ல் ஆல்பமாக வெளிவந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்தால் இது லாட்டரிச் சீட்டு வாதம். ஒரு சரண்ஜித் அகப்பட்டார் என்றால், அகப்படாதவர்கள் எத்தனை ஆயிரம்? அவர்களில் முக்கால்வாசிப் பேருடைய சரக்கு சுமாராகத்தான் இருந்திருக்கும். அதெல்லாம் போனதில் உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை. 'நாளைக்கு மதிப்பு வரும்' என்பதற்காகக் காப்பது, பழைய பேப்பரை வீடு முழுக்க அடுக்கிவைத்துக்கொண்டு பெண்டாட்டியோடு சண்டை போடுகிற காரியம். (என் வீட்டில் நடப்பது இதுதான் என்பது வேறு விஷயம்.)

"அதெல்லாம் இல்ல தம்பி. இதை யாரும் தேடி வர மாட்டாங்க. எனக்கே தெரியும்" என்றார் அண்ணன்.

"உங்க கையால அழியக்கூடாதுன்னு பாக்கறீங்களா?"

இதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கையால் அழிப்பது பாவம், தானாக அழிய விடுவது பாவமில்லை என்று நாம் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வயசான மாட்டை வெட்டுக்கு அனுப்ப மாட்டோம். ரோட்டில் அவிழ்த்து விட்டுவிடுவோம். இந்தப் பெட்டியைத் தொடாமல் அண்ணன் திருப்பிக் கொடுத்திருந்தாலும் பேட்டரி தானாகச் செத்திருக்கும். போகும்போது போர்டையும் கொண்டு போயிருக்கும். சும்மா இருப்பதும் அழிப்பதுதான், கொஞ்சம் மெதுவாக. ஆக, கை சுத்தம் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. அழிந்துதான் ஆகவேண்டும் என்றால் அழிக்கிறவன் என்ன பாக்கி?

அண்ணன் இதற்கு ஒரு பாதிப் பதில்தான் சொன்னார். "அழியறது சரி தம்பி. அவரே எத்தனை அழிச்சிருக்காரு பாருங்க நோட்டுல. ஆனா அவரு கேட்டுட்டு அழிச்சாரு. என்னன்னே தெரியாம அழியறதுதான்..." என்று நிறுத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு உ.வே.சாமிநாதையரின் ஞாபகம் வந்தது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்து புத்தகமான அவருடைய 'என் சரித்திர'த்தில் ஓரிடம் உண்டு. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போகிறார். வரகுணபாண்டியர் காலத்து ஏடுகள் அங்கே இருந்ததாகக் கேள்வி. போய் விசாரித்தால், பழுதான ஏடுகளை எல்லாம் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் போட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது. பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டு வெள்ளத்தில் விடுகிற வழக்கமும் இருந்தது. நாம் இதைப் படித்துவிட்டு, 'அடப்பாவிகளா' என்கிறோம். ஆனால் அவர்கள் அலட்சியமாக எறியவில்லை. குழி தோண்டி, மந்திரம் சொல்லி, நெய்யும் செலவு செய்து அழித்திருக்கிறார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. குறை ஒன்றுதான். பிரித்துப் பார்க்கவில்லை. நெய் வாங்கின நேரத்தில் நாலு ஏட்டைப் படித்திருக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பத்திரிகையில் சப்-எடிட்டர். அலுவலகம் இடம் மாறியது. பழைய இடத்தில் பிரசுரமாகாத கையெழுத்துப் பிரதிகள் மூன்று சாக்கு. கதை, கட்டுரை, கவிதை, தன் வாழ்க்கை வரலாறு, திருக்குறளுக்குப் புது உரை. பாதி உறைகளைப் பிரிக்கவே இல்லை. "பார்த்துத் தேறினதை எடுத்துக்கிட்டு மீதியைப் போட்டுடு" என்றார் மேலே இருந்தவர். ஒரு வாரம் டயம். எனக்குக் கல்யாண வேலை வேறு. முதல் நாள் பத்து உறைகளைப் பிரித்தேன். பிறகு பேப்பர் கடைக்காரனைக் கூப்பிட்டுத் தராசில் வைத்துவிட்டேன். வந்த காசில் எல்லோரும் பஜ்ஜி, டீ சாப்பிட்டோம்.

ஒரு மாசம் கழித்துப் புது அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற வாத்தியார். தன் கிராமத்து ஏரியைப் பற்றி எண்பது பக்கம் எழுதி அனுப்பியிருந்தாராம். வேறு பிரதி இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இடம் மாத்தினதுல எங்கயோ தவறிப்போச்சு சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "படிச்சீங்களா?" என்றார்.

"படிச்சேன் சார். நல்லா இருந்தது. எங்க பத்திரிகைக்குத்தான் பொருந்தி வரலை."

"படிச்சீங்கல்ல? அது போதும்" என்று எழுந்து, கைகூப்பிவிட்டுப் போனார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி. நான் கொடுத்த நிம்மதி! பொய்யில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்; பத்திரிகைக்காரனுக்கு அதெல்லாம் சகஜம். இது ஒன்று மட்டும் ஏட்டில் எந்தப் பக்கமும் சேராமல் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டிலேயே நிற்கிறது. எண்பது பக்கம் போனதை அவர் பொறுத்துக்கொண்டார். பிரித்தே பார்க்காமல் போனது தெரிந்திருந்தால் பொறுத்திருப்பாரா?

'எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் செல்போனில் இப்போது பதினெட்டாயிரம் போட்டோ இருக்கிறது. 'இடம் போதவில்லை' என்று அது கத்தும்போது ஆயிரம் ஆயிரமாக அழிக்கிறேன், பார்க்காமல். அந்த ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு 56 இடம்தான் என்பதால், ஒவ்வொன்றையும் அழிக்கும்போது கேட்டாக வேண்டியிருந்தது. இடம் குறைவாக இருந்தவரை நாம் கொஞ்சம் யோக்கியமாக இருந்திருக்கிறோமோ என்னவோ.

மத்தியானம் மூன்று மணிக்கு மகன் வந்தார். அண்ணன் பேட்டரியை இன்னும் எடுத்திருக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் உக்காருப்பா. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிடலாம்" என்றார். 1-1-லிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கீழ்ச் சுரம், ஒரு மேல்ச் சுரம், பிறகு மூன்று விரலால் ஒரு சேர்க்கை. நோட்டைப் பார்த்து நான் பெயரை வாசித்தேன். மகன் முதலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மிமிக்ரி ரயில்' வந்தபோது நிமிர்ந்து, "இது பட்டரவாக்கம் கேட்டுல கேக்குமே, அந்த ஹாரன்" என்றார். சில சத்தங்கள் நிஜமாகவே நன்றாக இருந்தன. பல சுமார். 'நாதஸ்வரம் போல', அவரே எழுதியிருந்தபடி சரியில்லை. 5-6-ல் கட்டையை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை. கெட்டுப்போச்சு போலிருக்கிறது என்று நான் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். அண்ணன் விரலை எடுக்கவில்லை. இரண்டு மூன்று வினாடி கழித்து, எங்கிருந்தோ கிளம்பி, அடியிலிருந்து ஒரு சத்தம் மெதுவாக ஏறி வந்து அந்தச் சின்ன அறையை நிறைத்தது. நோட்டில் அதற்கு எதிரே 'விடியல்' என்று போட்டிருந்தது.

மகனுக்கு போன் வந்தது. பேங்கிலிருந்து. வெளியே போய்ப் பேசினார், திரும்பி வந்து, "நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன் அங்கிள்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அண்ணன் தலையாட்டிவிட்டு 5-7-க்குப் போனார். 7-8 முடிய இன்னும் இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, மேல்மூடியைத் திறந்தார். சால்டர் உருகி ஒரு சின்னப் புகை வந்தது. எட்டணா அளவில் இருந்த பேட்டரியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். புதியதை வைத்து, தன் செல்போனில் சேமித்து வைத்திருந்த கம்பெனி சத்தங்களை ஏற்றினார். அதே கீச்சல். ஒன்றை வாசித்துக் காட்டினார். அப்பழுக்கில்லாமல் இருந்தது.

பில்லைப் பழைய உறையின் பின்பக்கம் எழுதினார். பேட்டரி ஒரு தொகை, கூலி ஒரு தொகை. காசெட்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. காசெட்டும் நாற்பது பக்க நோட்டும் ஒரே ரப்பர் பேண்டில் அலமாரிக்குப் போயின.

என் பெண்ணின் கீபோர்டை வாங்க மறுவாரம் போனேன். இரண்டு கட்டைகளும் சரியாக எழுந்து உட்கார்ந்தன. கூடவே மடித்த ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். "கட்டைக்கு அடியில மாட்டிட்டிருந்தது. தூக்கிப் போட்டுடாதீங்க, பாப்பாவைக் கேட்டுக்குங்க" என்றார்.

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். ஒரு ஹேர்பின்னும், பாதி உடைந்த ஒரு ஜிமிக்கியும்.